மூன்று முறை கேட்டும் பதில் வராதவிடத்து

மனிதன் பேசத் தொடங்கிப் பல்லாயிரம் வருடங்கள் ஆகின்றன. ஆனால் கேட்டவருக்குப் பதில் சொல்லும் வழக்கம் உலகில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது, மதுரங்குளிக்கு மேற்கே களப்புக் கரையில் உள்ள கண்டல்முனையில், சென்ற வருடம் ஓகஸ்ட் மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு. சரித்திரம் இதை இன்னும் எழுதிக்கொள்ளவில்லை. சரித்திரத்துக்கு வேறு வேலை இருக்கலாம். ஆகவே அந்த மகத்தான கூட்டத்தில் யார் யார் எங்கெங்கே அமர்ந்திருந்தார்கள் என்பதை முதலில் ஒழுங்காகப் பதிந்துவிடுவது நல்லது.

மேசையின் தலைமாட்டில், சில்லுப் பூட்டிய சுழல் கதிரையில், கண்டல்முனை கூட்டு நீர் வழங்கல் சங்கத்தின் தலைவர் அபூசாலி ஹாஜியார். சுழல்வதற்கென்று வாங்கிய கதிரை அது. ஹாஜியார் பதினாறு வருடமாக ஒரே பக்கம் பார்த்துத்தான் அமர்ந்திருக்கிறார். அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, உப தலைவர் மிஹ்லார். கட்டாரில் ஆறு வருடம் குளிரூட்டி திருத்தியவர். எனவே கண்டல்முனையில் மின்சாரம் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அவரே அதிகாரி. இடப்பக்கம், இரும்பு அலுமாரிக்கு முதுகைக் கொடுத்து, செயலாளர் ஜவ்பர் சேர். முப்பத்தொரு வருடம் பாடசாலை அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து, சுருக்கமாக ஒரு வசனமேனும் எழுதாமல் ஓய்வு பெற்றவர். மேசையின் நடுவில், பொலித்தீன் உறை கழற்றப்படாமல், புதிய கணினி. அதன் பக்கத்தில் நின்றபடி, அதற்குப் பேசக் கற்றுக்கொடுக்கக் கனமூலையிலிருந்து வந்திருந்த றிப்னா. அவளுக்கும் ஒரு கதிரை போடப்பட்டிருந்தது. ஆனால் அதில் கணினி வந்த காட்போட் பெட்டி அமர்ந்திருந்தது.

கதவோரம், ஏழாம் ஒழுங்கைப் பிரதிநிதி மஹ்மூதா. அவளுடைய பிளாஸ்டிக் கதிரையின் இரண்டு கால்கள் கூட்டத்துக்குள்ளும் மற்ற இரண்டு கால்கள் விறாந்தையிலும் இருந்தன. ஏழாம் ஒழுங்கைக்கு அதுவே உரிய இடம் என்று சங்கம் பெருந்தன்மையோடு தீர்மானித்திருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் குடியேறிய ஒழுங்கை அது. வந்து முப்பத்தைந்து வருடமாகிறது. ஊர் இன்னும் அதை "முகாம்" என்றுதான் சொல்கிறது. அவசரப்பட்டுப் பெயரை மாற்றுவதில் யாருக்கும் உடன்பாடு இல்லை.

மஹ்மூதாவுக்கு அன்று வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: தண்ணீர். விடிய முன் எழுந்து இடியப்பம் அவித்து, மதுரங்குளிச் சந்தியில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது அவளுடைய தொழில். ஒழுங்கையின் கோடியில் சங்கத்தின் தொட்டி உயரமாக நின்றது. ஐந்து மாதமாக அதில் தண்ணீர் ஏறவில்லை. வீட்டுக் கிணறு உப்புக் களப்புக்குப் பக்கத்தில். அந்தத் தண்ணீரில் மா குழைத்தால் இடியப்பம் கருவாடு போலக் கரித்தது. ஒரு கடைக்காரர் ஏற்கெனவே நிறுத்திவிட்டார். மற்றக் கடையின் ரிப்கான் மட்டும், "மாமி, ஒங்கட கை ருசிக்காகப் பாத்துக்கொண்டீக்கேன். ஆனா இடியப்பத்துக்குச் சொதி ஊத்தின ஆக்கள் தண்ணி கேட்டு என்னக் கொல்லுறாங்க" என்று தவணை கொடுத்திருந்தான்.

மதுரங்குளிப் பாடசாலையில் மஹ்மூதா நன்றாகக் கற்றது ஒரே பாடம், கடிதம் எழுதுவது. அனுப்புநர், பெறுநர், விடயம், ஒப்பம். ஐந்து மாதத்தில் சங்கத்துக்கு ஒன்பது கடிதங்கள் எழுதியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இட்டு, கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுத்து, பிரதிகளை மாப் பேணியின் மேல் ஒரு கோவையில் வைத்திருந்தாள். ஒன்பதுக்கும் பதில் வரவில்லை. இதில் சங்கத்தின் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. கடிதம் எழுதுவது அவளுடைய கடமை. அதைப் பெற்றுக்கொள்வது சங்கத்தின் கடமை. இருவருமே தத்தம் கடமையைச் செய்திருந்தார்கள். பதில் என்பது அதுவரை உலகத்தில் கண்டுபிடிக்கப்படவில்லை.

அதைக் கண்டுபிடித்தது ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம். தொட்டியடியில் பொருத்த ஒரு சிறிய பெட்டியையும் காரியாலயத்துக்கு ஒரு கணினியையும் இடையில் புதைக்க ஒரு வயரையும் அன்பளிப்புச் செய்துவிட்டு, திட்டப் பத்திரத்தில் ஒரு நிபந்தனையையும் அது போட்டிருந்தது: "இருவழித் தொடர்பு இருத்தல் வேண்டும்."

"இருவழி எண்டா?" என்று கேட்டார் ஹாஜியார்.

"தொட்டியில தண்ணி எவ்வளவு ஈக்கி எண்டு பெட்டி செல்லும்," என்றாள் றிப்னா. "கணினி அதுக்குப் பதில் செல்லும். தொட்டி காலியா ஈந்தா, 'திற' எண்டு கணினி செல்லோணும். பெட்டி வால்வத் தெறந்து தண்ணிய விடும். எழுத்து ஒண்டுக்குப் பொறகால ஒண்டா, வயருல வரிசையாப் போகும்."

"வரிசையா? நம்மட ஊருலயா?" என்றார் ஹாஜியார். முதல் தடவையாகக் கூட்டத்தில் ஒரு ஐயம் நியாயமாக எழுப்பப்பட்டது.

றிப்னா வயரின் நுனியைப் பிரித்துக் காட்டினாள். "இதுல மூண்டு ஈக்கி. வெள்ள பேசுற வயர். மஞ்சள் கேக்குற வயர். கறுப்பு ரெண்டு பேருக்கும் பொது. பெட்டி பேசுற வயரக் கணினி கேக்குற வயரோட கட்டோணும். கணினி பேசுறதப் பெட்டி கேக்குறதோட."

"அப்ப வெள்ளைய மஞ்சளோட? குறுக்கால?"

"ஓம் ஹாஜியார். குறுக்கால."

மிஹ்லார் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "கட்டார்ல நாங்க ஒரு நாளும் குறுக்கால கட்டல்ல. செவப்புக்குச் செவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. குறுக்கால கட்டினா நெருப்புப் பத்தும்."

"அது கரண்ட் வயர் நானா. இது கதைக்கிற வயர்."

"கதைச்சாலும் பத்தும்," என்றார் ஹாஜியார், போன வருடப் பொதுக்கூட்டத்தை நினைத்து.

குறுக்கே கட்டுவது சங்கத்தின் ஒழுங்குக்கும் கண்ணியத்துக்கும் பொருந்தாது என்று கருதப்பட்டது. வெள்ளையை வெள்ளையோடும் மஞ்சளை மஞ்சளோடும் இணைப்பதெனத் தீர்மானம் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, ஏகமனதாக நிறைவேறியது. றிப்னாவுக்கு வாக்கு இல்லை. மஹ்மூதாவுக்கு வாக்கு இருந்தது. கை தூக்காவிட்டால் திட்டமே நின்றுவிடும் என்று பயந்து அவளும் தூக்கினாள்.

பேச்சு பேச்சோடும் காது காதோடும் இணைக்கப்பட்டன. இரண்டு கிழமை கழிந்தது. பெட்டி ஓயாமல் பேசியது. கணினியும் ஓயாமல் பேசியது. எதுவும் எதையும் கேட்கவில்லை. ஜவ்பர் சேர் முன்னேற்ற அறிக்கையில், "இரு தரப்பினரும் இடையறாது உரையாற்றி வருகின்றனர்" என்று எழுதினார். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

மஹ்மூதா பள்ளிவாசல் குழாயில் குடிக்க மட்டும் தருகிற இரண்டு கேனை நிரப்பிக்கொண்டு திரும்புகிற வழியில் காரியாலயத்துக்குள் எட்டிப் பார்த்தாள். றிப்னா கணினிக்கு முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ள, பேசுதா?"

"ரெண்டும் பேசுது மாமி. வாய வாயோட வெச்சுக்கொண்டு கத்துது. காது ரெண்டும் ஒண்ட ஒண்டு பாத்துக்கொண்டு சும்மா ஈக்கி."

"அப்ப கமிட்டிக் கூட்டந்தானே இது," என்றாள் மஹ்மூதா. "இதுக்கு என்னத்துக்கு மிசின்?"

றிப்னா எழுந்து கதவைப் பார்த்தாள். பிறகு வயரைக் கழற்றிக் குறுக்கே கட்டினாள். கணினிப் பக்கத்து மஞ்சள் நுனிக்கு மட்டும் வெள்ளை டேப்பும் வெள்ளை நுனிக்கு மஞ்சள் டேப்பும் சுற்றினாள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெள்ளை வெள்ளையோடும் மஞ்சள் மஞ்சளோடும் சங்கத் தீர்மானத்துக்கு இணங்க விளங்கின. மிஹ்லார் மறுநாள் வந்து பார்த்து, "இப்பதான் ஒழுங்காக் கட்டீக்கி" என்று பாராட்டினார்.

கணினித் திரையில் எழுத்துகள் வரத் தொடங்கின. ஆனால் வாசிக்கக்கூடிய எழுத்துகள் அல்ல. பூச்சி, கொக்கி, கட்டம், கேள்விக்குறி.

"சீன மொழி," என்றார் மிஹ்லார். "பெட்டி சீனாவுல செஞ்சது தானே."

மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நியமிப்பது பற்றி ஜவ்பர் சேர் நிகழ்ச்சிநிரலில் சேர்த்துக்கொண்டார். அது சீனம் அல்ல, வேகம். கற்பிட்டி மீன் ஏலத்தில் கூவுகிறவர் போலப் பெட்டி பேசிக்கொண்டிருக்க, வகுப்பில் சொல்வதெழுதுதல் எழுதுகிற பிள்ளை போலக் கணினி கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒரே வேகத்தை றிப்னா குறித்துக் கொடுத்ததும் சீனம் மறைந்து தமிழ் தோன்றியது. திரையின் நடுவில் இரண்டே சொற்கள் நின்றன:

தொட்டி காலி.

மஹ்மூதா அதை நின்று வாசித்தாள். தன்னுடைய ஒன்பது கடிதங்களையும் யாரோ நன்றாகச் சுருக்கி எழுதியிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

உலகச் சிறப்பு வாய்ந்த அந்த ஓகஸ்ட் வெள்ளிக்கிழமைக் கூட்டம் முதல் கூட்டம். அதனினும் சிறப்பு வாய்ந்தது செப்டெம்பரில் நடந்த இரண்டாவது கூட்டம். அமர்ந்த இடங்களில் மாற்றமில்லை. விடயம்: பெட்டி பேசினால் கணினி என்ன சொல்லிப் பதில் தருவது?

"'இன்ஷா அல்லாஹ்' எண்டு போடுங்களேன்," என்றார் ஹாஜியார். "நாங்க எல்லாருக்கும் அதத்தானே செல்லுற."

"அது இனிச் செய்யப்போற விசயத்துக்கு, ஹாஜியார். இது கெடச்சிச்சா இல்லயா எண்டதுக்கு மட்டும்."

ஜவ்பர் சேர் தொண்டையைச் செருமினார். "'தங்கள் மேலான தகவல் கிடைக்கப்பெற்று உரிய கவனத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது என்பதைப் பணிவன்புடன் அறியத்தருகின்றேன்.' இப்புடிப் போட்டா மரியாதை."

"பெட்டிக்கு ஞாபகம் கொஞ்சந்தான் சேர். 'பணிவன்பு' வாறதுக்குள்ள முதல் பாதிய மறந்திடும்."

"அப்ப 'ஓம்' எண்டு போடு," என்றார் மிஹ்லார். "அதவிடச் சின்னது ஒண்டு இல்ல."

எல்லோரும் ஓம் என்றார்கள். றிப்னா மட்டும் பேனையைக் கீழே வைக்கவில்லை.

"எந்த ஓம்?"

"எந்த ஓம் எண்டா?"

"கெடச்சது எண்ட ஓமா, செய்யிறேன் எண்ட ஓமா? மிசினுக்கு ரெண்டும் வேற வேற."

அப்படியொரு வித்தியாசம் உலகில் இருப்பதைச் சங்கம் அன்றுதான் கேள்விப்பட்டது.

"அதத்தான் நானும் ஆறு மாசமாக் கேக்குறேன்," என்றாள் மஹ்மூதா கதவோரத்திலிருந்து.

"மஹ்மூதா, கதவச் சாத்துங்க. ஃபேன் காத்து வெளிய போகுது," என்றார் ஹாஜியார்.

"கதவச் சாத்தினா நான் வெளிய ஹாஜியார்."

"பரவாயில்ல."

அவள் சாத்தவில்லை. கதிரையின் முன்கால்களை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டாள்.

நீண்ட ஆராய்வின் பின், "கெடச்சது" என்ற ஓமைக் கணினி தானாகவே சொல்லலாம் என்றும், "திற" என்ற சொல்லை மட்டும் சங்கத்தின் விசேட தீர்மானமின்றிச் சொல்லக்கூடாது என்றும் முடிவானது. 'திற' பாரதூரமான சொல். கோடித் தொட்டியைத் திறந்தால் தலைக்குழாயில் அழுத்தம் குறையும். தலைக்குழாயில் அழுத்தம் குறைந்தால் முதலாம் ஒழுங்கையில் தெளிப்பான்கள் சுழலாது. தெளிப்பான்கள் சுழலாவிட்டால் வெங்காயம் வாடும். அந்த வெங்காயத் தோட்டம் ஹாஜியாருடையது என்பது தற்செயல். தற்செயலான விடயங்களைக் கூட்டக் குறிப்பில் எழுதுவதில்லை. 'திற' அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதுவரை யாரும் தவறுதலாக அந்தச் சொல்லைத் தட்டிவிடாமல் இருக்க, விசைப்பலகையைக் கழற்றி இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டுவதென்றும், திறப்பு ஹாஜியாரிடம் இருக்குமென்றும் முடிவாயிற்று.

"இன்னும் ஒண்டு ஈக்கி," என்றாள் றிப்னா. "பெட்டி கேட்டு மூணு செக்கனுக்குள்ள பதில் வரல்லாட்டி, திரும்பக் கேக்கும். மூணு தடவ கேட்டும் பதில் இல்லாட்டி, அந்தப் பக்கம் செத்துப்போச்சு எண்டு எடுத்துக்கொள்ளும். அப்புடி எழுதினா நல்லம்."

"வபாத் எண்டா போடுற, இறப்பு எண்டா?" என்று கேட்டார் ஜவ்பர் சேர். சொற்களில் அவர் மிகவும் கவனம்.

"நீங்க விரும்பினதப் போடுங்க சேர்."

விரும்பியதை அவர் போட்டார். சின்ன வசனம் எழுதிப் பழகாத கை, ஒரு வயருக்கான விதியை விதானப் பந்தல் போல விரித்தது: "இச்சங்கத்தின் சகலவிதமான தொடர்புகளிலும், ஒரு தரப்பு முறைப்படி மூன்று முறை கேட்டும் மறு தரப்பிடமிருந்து பதில் வராதவிடத்து, அம்மறு தரப்பு இறந்துவிட்டதாகக் கருதப்பட்டு மேற்கொண்டு ஆவன செய்யப்படும்." ஏகமனதாக நிறைவேறியது. மஹ்மூதாவும் கை தூக்கினாள். தூக்கிய கையால் அந்த வசனத்தை அப்படியே தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். "சகலவிதமான" என்பதன் கீழ் ஒரு கோடு போட்டாள்.

திறப்பு விழா ஒக்டோபர் முதலாம் திகதி. பள்ளிவாசல் முற்றத்தில் பந்தல், கணினிக்கு மாலை, வந்தவர்களுக்குப் பற்றீஸும் இஞ்சித் தேத்தண்ணியும். தேத்தண்ணிக்கான தண்ணீரை முதலாம் ஒழுங்கையிலிருந்து பவுசர் வண்டியில் கொண்டுவந்தார்கள். சரியாகப் பத்து மணிக்குப் பெட்டி பேசியது.

தொட்டி காலி.

இமை மூடித் திறக்குமுன் கணினி பதில் சொன்னது.

ஓம்.

கைதட்டல் எழுந்தது. ஒரு நிமிடம் கழித்துப் பெட்டி மறுபடியும் "தொட்டி காலி" என்றது. கணினி மறுபடியும் "ஓம்" என்றது. மறுபடியும் கைதட்டினார்கள். பத்தாவது நிமிடத்தில் கை வலித்து நிறுத்தினார்கள். பெட்டியும் கணினியும் நிறுத்தவில்லை.

"ஹாஜியார், தண்ணி எப்ப வரும்?" என்று மஹ்மூதா கேட்டாள்.

"தங்கச்சி, தொடர்பு வந்திட்டுதே!" என்றார் ஹாஜியார். "இனி என்ன கொற?"

ஒக்டோபர் மாத அறிக்கை நன்கொடையாளர்களுக்குப் போனது. கிடைத்த தகவல்கள்: நாற்பத்து நாலாயிரத்துக்கு மேல். பதிலளிக்கப்பட்டவை: அவை அனைத்தும். பதிலளிப்பு வீதம்: நூற்றுக்கு நூறு. "இப்பிராந்தியத்திலேயே மக்களின் குறைகளுக்கு இத்துணை விரைவாகச் செவிசாய்க்கும் வேறொரு சங்கம் இல்லை" என்று ஜவ்பர் சேர் முடித்திருந்தார். வெளிநாட்டிலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. அதைச் சட்டம் போட்டு, ஏழாம் ஒழுங்கைக் கடிதங்கள் இருந்த அலுமாரியின் மேல் மாட்டினார்கள்.

மஹ்மூதா அதன் கீழ் நின்று யோசித்தாள். பெட்டியைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது. தான் கேட்டதைத்தான் அதுவும் கேட்கிறது. அதற்கு ஒரு செக்கனில் பதில். தனக்கு ஏழு மாதமாக இல்லை. பிழை தன்னுடைய கடிதத்தில் இருக்கலாம்.

"றிப்னா, பெட்டி எப்புடி எழுதுது? முறையச் செல்லுங்க."

"தொடங்கிறேன் எண்டு ஒரு குறி மாமி. பொறகு இலக்கம். பொறகு விசயம். பொறகு எத்தன எழுத்து எண்டு கணக்கு, வழியில ஒண்டு விழுந்தா தெரியிறத்துக்கு. கடைசியா முடிஞ்சிது எண்டு ஒரு குறி. அவ்வளவுதான்."

"ஸலாம் இல்லயா?"

"இல்ல மாமி."

"ஒப்பம்?"

"இல்ல."

மரியாதை கெட்ட முறைதான். ஆனால் மரியாதையாக எழுதிய ஒன்பதும் என்னவாயின? அன்று பின்னேரம் அவள் பத்தாவது கடிதத்தை எழுதினாள்: "தொடக்கம். இலக்கம் பத்து. தொட்டி காலி. எழுத்து ஐந்து. முடிவு." கொண்டுபோய் ஜவ்பர் சேரின் கையில் கொடுத்தாள். அவர் எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். கணக்குச் சரியாக இருந்தது. அதில் இரண்டு துளை போட்டுக் கோவையில் சேர்த்தார்.

"பதில், சேர்?"

ஜவ்பர் சேர் வாயை இறுக மூடிக்கொண்டு, சுவரிலிருந்த அறிவித்தலைச் சுட்டிக்காட்டினார். கூட்டத்துக்கு வெளியே செயலாளர் கருத்துத் தெரிவிக்க மாட்டார் என்று அதில் இருந்தது. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டாள். அந்தக் கேள்வியும் கூட்டத்துக்கு வெளியே கேட்கப்பட்டது. அவர்களுக்குப் பின்னால், மேசைக் கணினியின் திரையில், பெட்டி "தொட்டி காலி" என்றது. கணினி "ஓம்" என்றது.

"பாருங்களேன் சேர்," என்றாள் மஹ்மூதா, "அதுக்கு மட்டும் வாய் ஈக்கி."

மிசினுக்கு மூன்று செக்கன். சங்கம் மனிதர்களால் ஆனது என்ற நம்பிக்கையில் அவள் மூன்று நாள் கொடுத்தாள். நான்காம் நாள் அதே கடிதத்தை இரண்டாவது தடவை கொடுத்தாள். மேலும் மூன்று நாள் கழித்து, மூன்றாவது தடவை. ஜவ்பர் சேர் ஒவ்வொரு முறையும் எழுத்துகளை எண்ணினார். ஒவ்வொரு முறையும் ஐந்து இருந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு துளை போட்டார்.

அதற்கடுத்த மூன்றாம் நாள் காலை, கடைப் பொடியன் அல்ல, ரிப்கானே மோட்டார் சைக்கிளில் வந்தான். அவளுடைய இடியப்பக் கூடையை வாசலில் வைத்தான். கூடை நிறைந்தே இருந்தது.

"மாமி, கோவிக்க வேணாம். நேத்து ஒராள் 'இத எந்தக் கடல்ல அவிச்சது' எண்டு கேட்டுட்டுப் போறார். தண்ணி வந்தோடன செல்லுங்க. மத்தாக்கள்ட்ட எடுக்காம ஒங்கள்ட்டத்தான் எடுப்பேன்."

"ஓம்," என்றாள் மஹ்மூதா. சொன்ன பிறகுதான் அது எந்த ஓம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் கூடையை உள்ளே வைத்தாள். நாட்காட்டியைப் பார்த்தாள். ஒன்பது நாள் முடிந்திருந்தது. கொப்பியைத் திறந்து, கீழே கோடிட்ட வசனத்தை ஒரு முறை வாசித்தாள். மூன்று முறை, முறைப்படி, பதில் இல்லை. சங்கம் தானே ஏகமனதாகச் சொல்லிவிட்ட பிறகு அதை மறுக்க அவள் யார்? மரணம் நடந்த வீட்டில் தாமதிக்கக்கூடாது. நல்ல தாள் ஒன்றை எடுத்து, இந்த முறை ஸலாமோடும் ஒப்பத்தோடும், பள்ளிக்கூடத்தில் படித்த முறைப்படி எழுதினாள்.

"பெறுநர்: பிறப்பு, இறப்புப் பதிவாளர் அவர்கள்.

விடயம்: மரணமொன்றைப் பதிவு செய்து அத்தாட்சிப் பத்திரம் பெறல்.

அஸ்ஸலாமு அலைக்கும். கீழ்க்காணும் மரணத்தைப் பதிவு செய்து தருமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இறந்தவர்: கண்டல்முனை கூட்டு நீர் வழங்கல் சங்கத்தின் நிர்வாக சபை. வயது பதினாறு. இறந்த இடம்: சுழல் கதிரை. இறந்த நேரத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. என்னுடைய முதலாவது கடிதத்துக்கு முந்தியே நடந்திருக்கலாம். மரணத்துக்கான காரணம்: வாய் கடைசிவரை நல்ல நிலையில் இருந்தது, காதோடு எதுவும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. கடைசியாகச் சொன்ன வார்த்தை: ஓம். ஒவ்வொரு நிமிடமும் இப்போதும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பது மிசின். உயிர் இருப்பதாக எண்ண வேண்டாம்.

இது என் சொந்த அபிப்பிராயம் அல்ல. அன்னாரே தம் மரணத்துக்கான விதியை ஏகமனதாக நிறைவேற்றியுள்ளார். தீர்மானத்தின் பிரதியும், மூன்று முறை கேட்டதற்கான கடிதப் பிரதிகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. புதிய சபையொன்றைத் தெரிவு செய்வதற்கும், அலுமாரித் திறப்பை வாரிசுகள் பெற்றுக்கொள்வதற்கும் அத்தாட்சிப் பத்திரம் அவசியமாக உள்ளது.

ஜனாஸாவைக் குளிப்பாட்டுவதற்கு எமது ஒழுங்கையில் தண்ணீர் இல்லை. முதலாம் ஒழுங்கையில் வெங்காயத்துக்கு உள்ளது. அங்கே எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மரணச் செய்தியில் வழக்கமாக எழுதுகிற புனித வசனத்தை மேலே எழுதப் பேனையை எடுத்தாள். கை வரவில்லை. அது மனிதர் இறந்தால் சொல்வது. பேனையை மூடிவிட்டு, தாளை நாலாக மடித்தாள். தீர்மானத்தையும் மூன்று பிரதிகளையும் சேர்த்து நீள உறையில் வைத்தாள்.

உறையின் பசையை நனைக்க வேண்டியிருந்தது. குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். கேனைக் குலுக்கிப் பார்த்தாள். காலையிலிருந்து வாய் வரண்டிருந்தது. இருந்தாலும் நாக்கை நீட்டி, உறையின் விளிம்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக ஓட்டி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். பத்தரை மணி பஸ்ஸில் மதுரங்குளித் தபாற் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தாள்.

கேட்ட அனைவருக்கும் நூற்றுக்கு நூறு வீதம் பதில் கொடுக்கிற கண்டல்முனையில், அன்றைக்கு யாரிடமாவது கொஞ்சம் ஈரம் இருந்தது என்றால், அது அந்த உறையின் விளிம்பில் இருந்ததுதான்.